தொலைதூரப் போர்களும் குமரி மாவட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளவங்கோடு வட்டத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் நான். உள்ளூர் வரலாறு எழுதும் மாணவர்களும், தாத்தா காலத்துத் தகரப்பெட்டியில் கிடைத்த காகிதங்களுக்கு விளக்கம் தேடி வருபவர்களும் என்னிடம் கேட்டவற்றுள், இருபதாம் நூற்றாண்டின் போர்களும் அரசியல் மோதல்களும் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் குமரி மண்ணில் போர் எதுவும் நடக்கவில்லையே, பிறகு எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

நம் கரையில் நடந்த பெரும் போர் என்று எல்லோரும் அறிந்தது 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்த போர்தான். இருபதாம் நூற்றாண்டில் எந்த நாட்டுப் படையும் இங்கே வந்து மோதவில்லை என்பது உண்மை. ஆனால் ரங்கூன் வீழ்ந்தபோது இங்கே அரிசி இல்லாமல் போனது. கொழும்பில் ஒரு சட்டம் நிறைவேறியதன் விளைவாகக் கீரிப்பாறை மலையடிவாரத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்ததால் இங்கே பல வீடுகளின் அடுப்பு அணைந்தது. சண்டை நடந்த இடத்தை மட்டும் பார்த்துப் போர் வரலாற்றை எழுதினால் நம் மாவட்டத்திற்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. சமையலறை, நிலப் பத்திரம், குடும்ப அட்டை ஆகிய மூன்றையும் பார்த்து எழுதினால் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் அதில் பங்கு உண்டு.

முதல் உலகப்போருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கும் என்ன தொடர்பு?

மின்விளக்கு பரவாத அந்நாளில் ஐரோப்பிய நகரங்கள் வாயு விளக்கால் ஒளி பெற்றன. அவ்விளக்கின் வலைத்திரி பளீரென்று எரிவதற்குத் தோரியம் தேவைப்பட்டது. குமரிப் பகுதி அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து சென்ற தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த சோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் கண்டறிந்தார். அதையடுத்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. நாம் கருமணல் என்று சொல்லி மிதித்து நடந்த மண் அப்படித்தான் உலகச் சந்தையின் சரக்காயிற்று. 1914இல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதும் சோம்பர்க் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைதானார். ஜெர்மானியர் கையிலிருந்த தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது.

இரண்டாம் உலகப்போர் அணுகுண்டில் முடிந்த பிறகு அதே மணல் முற்றிலும் வேறு பொருளாகிவிட்டது. தோரியம் அணு ஆற்றலுக்குப் பயன்படக்கூடிய தனிமம் என்பதால், திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் மாதம் தனி நாடு அறிவிப்பை வெளியிட்டபோது அவருடைய பேரம்பேசும் வலிமையில் இந்த மணலுக்கும் இடம் இருந்தது. ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் தாக்கப்பட்டார். அடுத்த சில நாட்களில் திருவிதாங்கூர் இந்திய ஒன்றியத்துடன் இணைய ஒப்புக்கொண்டது. 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் அதன் கையில்தான் இருக்கிறது. அங்கே மணல் எடுப்பதால் கரையோர மக்களின் உடல்நலத்திற்கு என்ன நேர்கிறது என்ற கவலை இன்றும் தீராத ஒன்று; அதைத் தனியாக, முறையான மருத்துவத் தரவுகளோடு பேச வேண்டும் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சாமர்வெல் போர்க்கள மருத்துவராக இருந்தவரா?

ஆம். எவரெஸ்ட் ஏறியவர் என்றே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் இருந்தவர் என்பது சரியே. ஆனால் அவரை நெய்யூரில் நிறுத்தியது மலை அன்று, போர் என்றே நான் கருதுகிறேன். 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அவர் இளம் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். காயம்பட்ட படைவீரர்கள் வெட்டவெளியில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களே அவர்களிடையே நடந்து, யாரைக் காப்பாற்ற இயலும், யாரை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த அனுபவம் அவரைப் போரை வெறுக்கும் மனிதராக்கியது.

1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தபோது, லண்டன் மிஷன் சங்கத்தின் நெய்யூர் மருத்துவமனையை அவர் கண்டார். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அறுவை மருத்துவம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்ற அதே காட்சி, இம்முறை போர் இல்லாமலே, ஏழ்மையால் மட்டும் உருவாகியிருந்தது. லண்டனில் காத்திருந்த வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு அவர் இங்கேயே தங்கினார். கால் நூற்றாண்டுக்கும் அதிகமாக நம் மக்களின் குடற்புண்ணுக்கும் வெற்றிலை, புகையிலையால் வந்த வாய்ப்புற்றுக்கும் மருத்துவம் பார்த்தார். ஒரு போரின் விளைவாக நமக்கு நன்மை ஏதும் வந்ததா என்று மாணவர்கள் கேட்டால் இந்த ஒன்றைச் சொல்வேன். அதையும் போரின் நன்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது, போரைக் கண்ட ஒரு மனிதரின் நன்மை என்றே சொல்வேன்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) நம் ஊரின் அன்றாட உணவானதற்கு இரண்டாம் உலகப்போர்தான் காரணமா?

முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய காரணம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கின் பயிரை ஊக்குவித்தார். எனவே போருக்கு முன்பே ஏழைகளின் வீட்டில் அது இருந்தது. நாஞ்சில் நாட்டு வயல்கள் எவ்வளவு விளைந்தாலும் திருவிதாங்கூர் முழுவதன் பசிக்கு அது போதவில்லை. மேடான நிலமெல்லாம் தென்னையும் பிற பணப்பயிர்களுமாக இருந்ததால், நாட்டின் அரிசித் தேவையில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது.

1942 மார்ச் மாதம் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினார்கள். அன்றோடு பர்மா அரிசி நின்றுவிட்டது. பங்கீட்டு முறை வந்தது. அளந்து கொடுத்த அரிசி கஞ்சிக்கே பற்றாக்குறையாக இருந்தது. அதுவரை கிழங்கைத் தொடாத வீடுகளிலும் கிழங்கு வெந்தது அப்போதுதான். என் பாட்டா, அதாவது தாத்தா, அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் கிழங்கு அவிக்கும்போது அடுப்படியில் வந்து நின்றுகொள்வார். வெளித்தோலையும் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் சீவி, துண்டு போட்டு, கொதித்த முதல் வெள்ளத்தை, அதாவது தண்ணீரை, முழுவதும் வடித்துக் கொட்டினார்களா என்று அவர் பார்த்தாக வேண்டும். கசப்புக் கிழங்கின் நஞ்சு அந்த வெள்ளத்தில்தான் இறங்கும். பஞ்ச காலத்தில் பசி பொறுக்காமல் அந்தப் பக்குவத்தில் அவசரப்பட்டவர்களை அவர் பார்த்திருந்தார். இன்று சாளைமீன் கறியோடு கிழங்கு வைத்து விருந்தினரை உபசரிக்கிறோம். அந்தத் தட்டில் ஒரு போரின் பசி இருக்கிறது என்பது இளையவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மலேயாவும் ஜப்பானியர் கைக்குப் போனதால் நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்காமல் போயிற்று. திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களின் ரப்பருக்கு அதனால் திடீரென்று மதிப்புக் கூடியது. நம் மேற்கு வட்டங்களில் ரப்பர் இன்று பிடித்திருக்கும் இடத்தின் வரலாற்றில் இதுவும் ஒரு கண்ணி.

போர் முடிந்த கையோடு எல்லைப் போராட்டம் தொடங்கியது தற்செயலா?

திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய அந்தப் போராட்டம் அப்போது தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. போரின் முடிவில் மன்னராட்சியின் முடிவும் தெரியத் தொடங்கியது. அரசர் ஆண்டவரை, திருவிதாங்கூர்த் தமிழர் தங்களைச் சிறுபான்மையினராக உணர வேண்டிய தேவை அவ்வளவாக எழவில்லை. மக்களாட்சி வரப்போகிறது என்றதும், எண்ணிக்கையில் மிகுந்தோரின் மொழியே அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்திற்கும் மொழியாகும் என்பது கண்முன் நின்றது. 1945 டிசம்பர் மாதம் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலானோர் தொடங்கிய அமைப்பு, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசாக வளர்ந்தது. வழக்கறிஞர் நேசமணி 1947இல் அதில் இணைந்த பிறகு இயக்கம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சிற்றூர்களுக்குள் இறங்கியது.

மொழி ஒன்றே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. தென் திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இயக்கத்தில் பெருமளவில் இருந்தார்கள். நிலமும் பதவியும் யாரிடம் இருந்தன, வரி கொடுத்தும் அவமானப்பட்டவர்கள் யார் என்ற பழைய கணக்கு அவர்கள் நெஞ்சில் இருந்தது. சாதி ஒடுக்குமுறையை விட்டுவிட்டு எல்லைப் போராட்டத்தைப் பேசினால், மார்த்தாண்டத்துக் கடைக்காரரும் பனையேறியும் ஏன் சிறைக்குப் போகத் துணிந்தார்கள் என்பது விளங்காது.

1948 தேர்தல் காலத்து மோதலில் மங்காடு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையாவும் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்கள். சுதந்திர இந்தியாவில், சுதந்திரம் வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் நடந்தது இது. அந்தத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது.

1954 ஆகஸ்ட் 11 அன்று என்ன நடந்தது?

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அப்போது பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீதான அடக்குமுறையை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சியில் தலைவர்கள் கைதாகியிருந்தார்கள். ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாகக் கொள்ள இயக்கம் அழைப்பு விடுத்தது. கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. பலர் இறந்தார்கள், அதைவிடப் பலர் வாழ்நாள் முழுவதும் காயத்தோடு நடந்தார்கள். அதைத் தொடர்ந்து ஊர் ஊராகத் தேடுதல் வேட்டை நடந்ததால் ஆண்கள் ஆற்றங்கரைத் தோப்புகளிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து கிடந்தார்கள்.

இந்தச் சூட்டின் எதிரொலி நாடு முழுவதும் கேட்டது. அப்போது அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு தம் கட்சியின் அரசாகவே இருந்தாலும் பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தே கேட்டார். கட்சித் தலைமை அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டில் அக்கட்சி பிளந்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. தம் கட்சியின் துப்பாக்கி என்பதால் வாய் மூடாத ஒரு தலைவரைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம், அந்தக் கணம் மாணவர்கள் மனத்தில் தைக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன்.

தமிழகத்தோடு இணைந்த பிறகு அன்றாட வாழ்வில் மாறியது என்ன?

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையைக் கொடுத்தது. இயக்கம் கேட்டவை ஒன்பது வட்டங்கள். ஆணையம் பரிந்துரைத்தவை ஐந்து. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. எந்தத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தை முன்னிட்டு நம் ஊரில் குண்டு பாய்ந்ததோ, அவர்களுக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. நவம்பர் 1இன் மகிழ்ச்சியில் இது மறந்துபோகக் கூடாது.

மாற்றத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒரு பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் மேலே திருவிதாங்கூரின் வலம்புரிச் சங்கு முத்திரை. எழுத்து மலையாளம். ஆண்டு கொல்லம் கணக்கில். அதே நிலத்தைப் பாட்டாவின் பிள்ளைகள் பங்கு வைத்த அடுத்த பத்திரம் தமிழில், ஆங்கில ஆண்டில் இருக்கிறது. ஒரே பனையையும் ஒரே வரப்பையும் எல்லையாகச் சொல்லும் இரண்டு காகிதங்கள், இரண்டு அரசுகளுக்குச் சொந்தமானவை. முதல் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர் இன்று எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லாததால், வழக்கு வந்தபோது வெளியே ஒருவரிடம் கொடுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

கோடு போட்டவர்கள் பிரிக்க முடியாதவையும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. நவராத்திரிக்கு அங்கிருந்து உடைவாளோடு புறப்படும் சாமி ஊர்வலம் இன்றும் திருவனந்தபுரம் வரை செல்கிறது, இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்துகிறார்கள். தண்ணீர் மட்டும் அப்படி நடந்துகொள்ளவில்லை. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றதால் நெய்யாறு அணையும் அங்கே நின்றது. அதன் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004இல் நிறுத்தப்பட்டது. காய்ந்து கிடக்கும் அந்தக் கால்வாயோரம் நெல் இருந்த இடத்தில் இப்போது வாழையும் ரப்பரும் வீடுகளும் இருக்கின்றன.

மலையாளம் பேசுவோர் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை, இங்கேயே இருக்கிறார்கள். மேற்குப் பகுதியில் மலையாள வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. தமிழரான நாமும் தண்ணீரை வெள்ளம் என்றுதான் வீட்டில் சொல்கிறோம்.

ரப்பர் தோட்டத்து இலங்கைக்காரர்களும் முகாம்களில் இருப்போரும் ஒரே மக்களா?

இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரும் பிழை. அவர்கள் மனம் நோகும் பிழையும்கூட. 1948இல் இலங்கை அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களை இப்படி எண்ணிப் பங்கிட்ட ஆவணத்தில் அவர்களிடம் கேட்டதாக ஒரு வரி கிடையாது. இந்தியக் குடிமக்களாக வந்த இவர்களே ‘தாயகம் திரும்பியோர்’. பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் பார்த்திராத ஊருக்கு வந்தவர்களைத் திரும்பியோர் என்று அழைப்பது எனக்கு என்றுமே உறுத்தும். இவர்களின் மறுவாழ்வுக்கென்றே இங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை வழங்கப்பட்டது. 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவானது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பகுதிகளில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்களில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையும் உண்டு. கொழுந்து பறித்த கைகள் பட்டைக் கத்தி பிடிக்கப் பழகின.

முகாம்களில் இருப்போரின் கதை வேறு. 1983 ஜூலை இனப்படுகொலைக்குப் பிறகு உள்நாட்டுப் போரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் அவர்கள். பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2021இல் அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் பேச்சையே பேசும் பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை கேள்விக்குறியாகவே இருந்து வந்திருக்கிறது. என் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி, கல்லூரி விண்ணப்பத்தில் ‘நாட்டினம்’ என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

1982 மண்டைக்காட்டு மோதலை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடையின்போது மார்ச் 1 அன்று தொடங்கிய மோதலும் துப்பாக்கிச் சூடும், கடற்கரையையும் உள்ளூரையும் சமய அடிப்படையில் பிரித்து நிறுத்தின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. எல்லைப் போராட்டத்தில் இந்துவும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒரே மேடையில் நின்ற மண் இது என்பதால், ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த இந்தப் பிளவு என்னை இன்றும் வருத்துகிறது. அந்நாட்களில் குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பு மக்களிடையிலும் அமைதிக்குப் பாடுபட்டதை ஊர்கள் மறக்கவில்லை. மீன் கூடையோடு உள்ளூர்த் தெருவில் நுழையத் தயங்கிய பெண்கள் மீண்டும் வழக்கமான வாசலில் கூடையை இறக்கிய நாளே உண்மையான சமாதான நாள். அதற்கு ஒவ்வொரு ஊரிலும் வெவ்வேறு காலம் பிடித்தது.

வளைகுடாப் போர் நம்மை எப்படித் தொட்டது?

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அங்கிருந்த இந்தியர்கள் பாலைவனச் சாலை வழியாக ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்தார்கள். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா விமானங்கள் அங்கிருந்து அழைத்து வந்தன. நம் மாவட்டத்துக் கொத்தனார்களும் ஓட்டுநர்களும் செவிலியரும் உடுத்த துணியோடு வந்து இறங்கினார்கள். வங்கிப் புத்தகமும் சம்பளப் பாக்கியும் அங்கேயே போயின. வட்டிக்கு வாங்கிக் கொடுத்த விசாக் கடன் மட்டும் இங்கே இருந்தது. லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகளை அந்த ஆண்டுகளில் ஊருக்கு ஊர் காண முடிந்தது. கணவர் ஊரில் இல்லாத காலத்தில் வங்கி, பள்ளி, கட்டட வேலை எல்லாவற்றையும் நடத்திப் பழகிய பெண்கள்தான் இந்த இடியையும் தாங்கினார்கள். ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் பின்னாளில் வெளியேறியவர்களுக்கு 2,500 டாலர் முதல் இழப்பீடு வழங்கியது. ஆனால் அது கைக்கு வருவதற்குள் நகை பலருக்கு ஏலத்தில் போயிருந்தது.

குடும்ப வரலாறு எழுத விரும்புகிறேன். வீட்டில் எதைத் தேட வேண்டும்?

முதலில் மலையாளப் பத்திரங்களையும் வரி ரசீதுகளையும் நிழற்படம் எடுத்து வையுங்கள். பூச்சி அரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். ஆவணி முதல் மார்கழி நடுவரையுள்ள தேதிகளுக்கு 824ஐக் கூட்ட வேண்டும். எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக எல்லைக் காவலர் உதவித்தொகை பெற்றவர் குடும்பத்தில் இருந்தால் அந்த ஆணையின் நகலைத் தேடுங்கள், கைதான நாளும் சிறையும் அந்தத் தாள்களில் இருக்கக்கூடும். பழைய கடவுச்சீட்டில் அம்மான் முத்திரை இருக்கிறதா பாருங்கள். எண்பது கடந்தவர்கள் வீட்டில் இருந்தால் நேரடியாகப் போரைப் பற்றிக் கேட்காதீர்கள், ‘அப்போது என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேளுங்கள். என் பாட்டாவிடம் நான் அப்படிக் கேட்டபோது அவர் எண்பத்தாறு வயதில் முதல் முறையாக, தனக்கொரு தங்கை இருந்ததைச் சொன்னார். அவள் பெயர் எங்கள் வீட்டுப் பத்திரம் எதிலும் இல்லை.